மூக்கு பர்னர் பற்றி உனக்குச் சொல்லாதது

அன்பு மகள் மல்லிகாவுக்கு,

உன் அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. பட்டறை ஓடுகிறது. எனக்கு உடம்பில் புதிதாகக் குறை ஒன்றும் இல்லை. சம்பிரதாயம் இதோடு முடிந்தது. இனிமேல் எழுதப் போவதெல்லாம் உன் கல்யாணத்துக்கு முன்பே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியவை.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வழக்கம்போல உன் அம்மாவுக்குப் படித்துக் காட்ட உட்கார்ந்தேன். நடுப் பக்கம் வந்ததும் உரக்கப் படிப்பதை நிறுத்தினேன். அந்தப் பக்கத்தை அப்படியே தாண்டி, ஆரணியில் மழை பெய்ததையும் உன் மாமியார் திருப்பதி போய் வந்ததையும் மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். உன் வீட்டுச் சாயப் பட்டறையில் மாப்பிள்ளை சிவப்பு நூல் சிட்டத்தை எடுத்து வரச் சொன்னால் என் பேரன் வேலு பச்சைச் சிட்டத்தைக் கொண்டுவந்து நிற்கிறான், மூன்று தடவை அப்படிச் செய்தான், ஸ்கேலால் அடித்து நூல் காயப்போடுகிற வெயிலில் முட்டிபோட வைத்தார் என்று எழுதியிருந்தாய். பள்ளிக்கூடத்தில் கிளிக்கு மரப்பட்டை நிறம் அடித்ததற்கு வாத்தியாரும் அடித்திருக்கிறார். "வேணும்னே பண்றான்னு அவர் சொல்றாரு, எனக்கும் அப்படித்தான் தோணுதுப்பா" என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் நாலைந்து தடவை படித்தேன்.

அவன் வேண்டுமென்றே செய்யவில்லை, அம்மா. சாயம் போடுகிற வீட்டில் பிறந்த அந்த ஏழு வயதுப் பிள்ளைக்குச் சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் தெரிகின்றன. சிவப்பு கொஞ்சம் இருட்டாகத் தெரியும், பச்சை கொஞ்சம் வெளுப்பாகத் தெரியும், வெளிச்சம் குறைந்தால் அந்த வித்தியாசமும் போய்விடும். இதை நேரில் பார்க்காமல் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்பாய். எனக்கும் பிறந்ததிலிருந்து அப்படித்தான் தெரிகின்றன. இது இத்தனை வருஷமாக உன் அம்மாவுக்கே தெரியாமல் இருந்தது. தக்காளி பழுத்ததா என்று நான் அமுக்கிப் பார்த்துத்தான் சொல்வேன். அவள் எந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாலும் "நல்லா இருக்குது" என்பேனே தவிர நிறத்தின் பெயரை என் வாயால் சொன்னதில்லை. உன் அம்மா அதை என் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் இளவயதில் குடித்துவிட்டுத் தறியில் உட்கார்ந்து ஒரு முகூர்த்தப் புடவையைப் பாழாக்கினேன், அதனால் உன் தாத்தா என்னைத் துரத்திவிட்டார் என்று நீ கேட்டு வளர்ந்திருக்கிறாய். உன் பெரியப்பா ஒவ்வொரு கல்யாணத்திலும் அதைச் சொல்லிச் சிரிப்பார். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். நடந்தது வேறு. பிள்ளையார்பாளையம் வீட்டில் அன்று தறியில் ஏறியிருந்தது அரக்கு உடலும் கிளிப்பச்சைக் கரையும் உள்ள கோர்வைப் புடவை. குறுக்கு நூலான ஊடையை ஓட்டுகிற நாடா உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒன்று. எனக்கு நிறம் தெரியாது என்பதால் கரை நாடாவை எப்போதும் இடது பக்கம் வைப்பேன், அதுதான் என் கணக்கு. நான் சாப்பிடப் போயிருந்தபோது உன் பெரியப்பா தறியைத் துடைத்துவிட்டு இரண்டு நாடாக்களையும் இடம் மாற்றி வைத்துவிட்டார். நான் வந்து உட்கார்ந்து ஒரு முழம் நெய்துவிட்டேன். பச்சைக் கரையில் அரக்கு ஊடை, அரக்கு உடலில் பச்சை ஊடை. உன் தாத்தா வந்து பார்த்தார்.

"இன்னாடா பண்ணி வெச்சிருக்கே? கண்ணு தெரியலையா உனக்கு?"

நான் நாடாவைக் கீழே வைத்தேன்.

"குடிச்சிருக்கியா?"

"ஆமாம்பா" என்றேன்.

அதுவரை நான் கள் வாசனைகூட முகர்ந்ததில்லை. ஆனால் எனக்கு அப்போது பத்தொன்பது வயது, யோசித்துப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. குடிகாரன் என்றால் திருந்துவான் என்று ஊர் நினைக்கும். நிறம் தெரியாதவன் என்றால் அந்தத் தெருவில் என்னை என்ன செய்வார்கள்? பாவு தோய்க்கிற வீடு, சாயம் காய்ச்சுகிற வீடு, பட்டு நெய்கிற வீடு என்று வரிசையாக இருக்கிற தெரு அது. எனக்குப் பெண் கொடுப்பார்களா? என் தம்பிக்குத்தான் கொடுப்பார்களா? அதனால் இல்லாத குடியை ஒத்துக்கொண்டு அடி வாங்கினேன். வேலுவும் அந்தப் பொய்யின் பக்கத்தில்தான் இப்போது நிற்கிறான். இன்னும் நாலு அடி விழுந்தால் "ஆமா, வேணும்னுதான் பண்ணேன்" என்று ஒத்துக்கொள்வான். அதற்குப் பிறகு அவன் வாயிலிருந்து உண்மையை யாரும் எடுக்க முடியாது. அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

தறியை விட்டு வந்தபின் வெள்ளி உருக்குகிற பட்டறையில் சேர்ந்தேன். கிழிந்த பட்டுப்புடவைகளை எரித்து, ஜரிகையில் இருக்கிற வெள்ளியைப் பிரித்து, உருக்கிக் கட்டியாக வார்த்துக் கொடுப்பார்கள். வெள்ளிக்கு நிறம் ஏது, இது எனக்கு ஏற்ற இடம் என்று நினைத்துத்தான் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, கரி உலையில் எல்லாவற்றையும் சிவப்பைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். கரி சிவக்கட்டும் என்பார்கள், மூசை சிவந்துவிட்டதா என்பார்கள். மூசை என்றால் வெள்ளியைப் போட்டு உருக்குகிற மண் கிண்ணம், நீ சின்ன வயதில் உடைந்த மூசையில் துளசி நட்டிருக்கிறாய். எனக்கு மங்கலான சிவப்பு கறுப்பாகத்தான் தெரியும். நன்றாக வெளுத்துக் கண் கூசினால்தான் சூடு என்று புரியும். வெள்ளி உருகி முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தால் அதுவும் புரியும். நடுவில் இருப்பது எதுவும் புரியாது. அந்த நடுவை எத்திராஜுதான் எனக்காகப் பார்த்தான். உன் எத்திராஜு சித்தப்பா. சொந்தத் தம்பி இல்லையென்றாலும் நீ அப்படிக் கூப்பிட்டுத்தான் வளர்ந்தாய். "ஆச்சாப்பா?" என்று நான் கேட்பேன், "ஆச்சு" என்று அவன் சொல்வான். நான் அவனை மதித்துக் கேட்கிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அவன் வலது கையைப் பற்றி இப்போது சொல்கிறேன். உனக்கு அப்போது பதிமூன்று, பதினாலு வயது. அன்று அவன் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, வார்ப்பு அச்சை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தான். கிளறுகிற கம்பி வேண்டும் என்று வலது கையை மட்டும் பின்னால் நீட்டினான். "குட்றாப்பா, ஆறிடுச்சா?" என்றான். கம்பியின் முனை உலை ஓரத்துக் கரியில் செருகியிருந்தது, அந்தக் கரியும் எனக்கு அணைந்ததாகத்தான் தெரிந்தது. துணி சுற்றிய பக்கத்தைப் பிடித்து இழுத்தேன். முனை எனக்குக் கறுப்பாகத் தெரிந்தது. "ஆறிடுச்சு" என்று சொல்லி அந்த முனையை அவன் உள்ளங்கையில் வைத்தேன். அவன் நம்பிக்கையாக இறுக்கிப் பிடித்தான். அந்த அரை இருட்டில் மற்ற யார் பார்த்திருந்தாலும் அது சிவந்திருப்பது தெரிந்திருக்கும்.

கைச் சதை பொசுங்கிய வாசனை இன்றும் சில நாள் எனக்கு வரும். முதலாளி ஓடி வந்தார். "பாக்காம கை நீட்டினா இப்படித்தான் ஆகும்" என்று எத்திராஜுவைத் திட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. எத்திராஜு வலியில் துடித்துக்கொண்டே "என் தப்புதான் மொதலாளி, நான் திரும்பிப் பாத்திருக்கணும்" என்றான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. காயம் ஆற நாலு மாசம் ஆனது. ஆறியபோது மூன்று விரல்கள் உள்ளே மடங்கி நின்றுவிட்டன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மிச்சம். அவனுக்கு இடுக்கி பிடிக்க வரவில்லை, துருத்தி இழுக்க வரவில்லை. முதலாளி இரக்கப்பட்டுக் காவலுக்கு வைத்துக்கொண்டார். உன் அப்பா செய்த தப்புகளில் பெரியது எது என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லு. கம்பியைக் கொடுத்தது விபத்து. பேசாமல் இருந்தது விபத்து இல்லை.

அந்த நாலு மாசத்துக்குள் யாரிடமும் சொல்லாமல் மெட்ராஸ் போய் ஒரு கண் டாக்டரைப் பார்த்தேன். புள்ளி புள்ளியாக அச்சடித்த ஒரு புத்தகத்தைப் பிரித்து, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். எண் இருப்பதே எனக்குத் தெரியவில்லை. இது வியாதி இல்லை, இதற்கு மருந்தும் கிடையாது, கண் கெட்டுப் போகவும் போகாது என்றார். நீலமும் மஞ்சளும் எல்லோரையும்போல எனக்கும் நன்றாகத் தெரிகிறது என்று சோதித்துச் சொன்னார். பிறகு இது மகள் வழியாகப் பேரனுக்குப் போகிற விதத்தை மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் காட்டினார். "உங்க பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அவங்களுக்குப் பிறக்கிற பையனுக்கு வரலாம், வராமலும் போகலாம்." அந்தச் சீட்டை ரயிலில் வரும்போது கிழித்து ஜன்னல் வழியாகப் போட்டேன். கோடு மட்டும் மனசில் அப்படியே இருக்கிறது.

ரயில் ஏறுவதற்கு முன் மாம்பலத்தில் ஒரு உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர்கள் வீட்டில் புதிதாகக் கேஸ் அடுப்பு வாங்கியிருந்தார்கள். மெட்ராசிலேயே அப்போது எல்லார் வீட்டிலும் கிடையாது. அந்த அம்மாள் காப்பி போடுவதற்காக அடுப்பைப் பற்ற வைத்தார். நீலச் சுடர். நுனியில் மஞ்சள். திருகைத் திருப்பினால் மஞ்சள் கூடுகிறது, குறைகிறது. நான் காப்பியைக் குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிகிற இரண்டே நிறத்தில் ஒரு நெருப்பு இருக்கிறது என்பது நாற்பது வயதில் எனக்குத் தெரிய வந்தது. இனி நான் உலையின் சிவப்பைப் பார்க்க வேண்டியதில்லை, சுடரைப் பார்த்தால் போதும். இதைக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோகாமல் விடுவதில்லை என்று அந்தச் சமையலறையிலேயே முடிவு செய்தேன். அந்த அம்மாள் என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ.

முதலாளி முதலில் சிரித்தார். "சாம்பார் வெக்கிற அடுப்புல வெள்ளி உருக்கப் போறியா?" என்றார். கரிக்குத் தட்டுப்பாடு வந்தபோது சரி என்றார். சிலிண்டரை மெட்ராசிலிருந்து லாரியில் கொண்டுவந்தோம். வெல்டிங் கடையிலிருந்து ஒரு ரெகுலேட்டர் வாங்கினேன். தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றில் பின்பக்கம் கேஸைப் பீய்ச்சுகிற சின்னத் துளையுள்ள ஒரு ஜெட்டைப் பொருத்தி, காற்று உள்ளே போகப் பக்கவாட்டில் நாலு ஓட்டை போட்டேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பார்ப்பாய், ஞாபகம் இருக்கிறதா? முதல் நாள் சுடர் குழாய் வாயை விட்டு எகிறிப் போய் அணைந்தது. ஓட்டையைக் குறைத்தேன். உலை சூடேறியதும் நெருப்பு குழாய்க்குள்ளேயே திரும்பி ஓடிவந்து பட்டென்று வெடித்தது, என் புருவம் போனது. உலை குளிர்ந்திருக்கும்போது ஒரு அளவு காற்று வேண்டும், சூடேறினால் வேறு அளவு, வெள்ளி உருகும்போது இன்னொரு அளவு. ஒரே அளவு ஓட்டை எதற்கும் உதவாது என்பது புருவம் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஓட்டைகளை மூடித் திறக்க ஒரு பித்தளை வளையம் கடைந்து மாட்டினேன். குழாய் வாய்க்குப் பக்கத்தில் மாட்டியதால் சூட்டில் வீங்கி இறுகிக்கொண்டது. பின்னால் தள்ளி மாட்டினேன். இப்போது தளர்ந்து தானாகவே சுற்றியது. பழைய சைக்கிள் மணியிலிருந்து ஸ்பிரிங்கை எடுத்து, வளையத்தில் அரத்தால் ஏழு வெட்டுப் போட்டு, ஒவ்வொரு வெட்டிலும் அது கடக்கென்று உட்காரும்படி செய்தேன். கடைசல் கடைக்காரர் "எதுக்குப்பா இவ்ளோ வெட்டு, கண்ணால பாத்து வெக்க மாட்டியா?" என்று கேட்டார். கை சரியாக நிற்க வேண்டும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். கட்டைவிரலால் தடவி எண்ணுவதற்காகத்தான் அந்த வெட்டுகள். வளையத்தின் மேல் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கைப்பிடியையும் பற்ற வைத்தேன். இரண்டு விரல் மட்டும் வேலை செய்கிற ஒருவன் உள்ளங்கை ஓரத்தால் தள்ளுவதற்காக அது. அதைப் பார்த்துத்தான் நீ "மூக்கு பர்னர்" என்று பேர் வைத்தாய். பிறகு ஊரே அப்படிக் கூப்பிட்டது. அந்த மூக்கு எதற்கு என்று கேட்டவர்களிடம் எல்லாம் சௌகரியத்துக்கு என்றே சொன்னேன்.

அப்புறமும் ஒரு மாசம் தோற்றேன். சுடர் முழு நீலமாக எரிந்தால்தான் நல்ல நெருப்பு என்று எனக்கு ஒரு கர்வம். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது, எனக்கே முழுசாகத் தெரிந்த அழகு. காற்று முழுசாகத் திறக்கிற ஏழாவது வெட்டில் வைத்து உருக்கினேன். வெள்ளி சீக்கிரமே உருகியது. ஆனால் வார்த்து ஆறும்போது பால் பொங்குவதுபோல மேலெல்லாம் பொங்கித் துப்பியது. கட்டியை வெட்டிப் பார்த்தால் உள்ளே முழுக்க ஓட்டை. கட்டியை ஜரிகைக்கு மெல்லிய கம்பியாக இழுக்கிறவர்கள் திருப்பி அனுப்பினார்கள். மூன்று தடவை அப்படி ஆனதும் முதலாளி, "பொங்கலுக்குள்ள சரியா வரலைன்னா அத்தத் தூக்கிக் கடாசிட்டு கரிய மூட்டு" என்று சொல்லிவிட்டார். பர்னர் போனால் நானும் போனேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். இன்னொருவன் கையில் இன்னொரு கம்பியை வைக்க நான் தயாராக இல்லை.

வழி காட்டியது எத்திராஜுதான். வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்தவன் உள்ளே வந்தான். "கரி ஒலைல ஒருநாளும் துப்பலையே, ஏன்? அங்க கரியே காத்தத் தின்னுடுது. நீ காத்த அளவில்லாம ஊட்டிக்கினு இருக்கே. வெள்ளி அத்தக் குடிச்சிட்டு வாந்தி எடுக்குது" என்றான். மூக்கை உள்ளங்கை ஓரத்தால் தள்ளி, காற்றைக் குறைத்துக்கொண்டே வந்தான். ஆறு, ஐந்து, நாலு. மூன்றாவது வெட்டில் நீலச் சுடரின் நுனியில் மெல்லிய மஞ்சள் வந்து நின்றது. அந்தச் சுடரில் உருக்கி, மேலே கரித்தூளைத் தூவி வார்த்தோம். வெள்ளி அசையாமல் ஆறியது. மறுநாள் கம்பி இழுத்தவர் ஓர் இடத்தில்கூட அறுந்து போகாமல் இழுத்துவிட்டேன் என்று சொல்லி அனுப்பினார். எத்திராஜு அன்றிலிருந்து காவல் வேலையை விட்டு உலைக்குத் திரும்பினான். முதலாளிக்கு வயதானதும் பட்டறையை நாங்கள் இருவரும் எடுத்து நடத்தினோம். சுற்றுப்பட்டில் எத்தனையோ பேர் வந்து பர்னரைப் பார்த்து அதேபோல் செய்துகொண்டு போனார்கள். மூன்றாவது வெட்டு யார் கண்டுபிடித்தது என்று கேட்டால் எத்திராஜு பேரைச் சொல்வேன். அந்த அளவுக்காவது யோக்கியனாக இருந்தேன்.

பிறகு உனக்கு ஆரணியிலிருந்து வரன் வந்தது. சாயப் பட்டறை வீடு என்று கேட்டதும் வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். மாப்பிள்ளை நல்லவர், உனக்கும் பிடித்திருந்தது, உன் அம்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. சம்பந்தி வெற்றிலைத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து முறையாகக் கேட்டார். "உங்க பக்கம் கண்ணு கோளாறு, வலிப்பு, அந்த மாதிரி எதுனா இருக்குதுங்களா?" என்னிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி அது. "ஒண்ணும் இல்லீங்க" என்றேன். டாக்டர் போட்ட கோடு என் கண் முன்னால் நின்றது, இருந்தும் சொன்னேன். வராமலும் போகலாம் என்ற அரை வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உன்னை அந்த வீட்டுக்கு அனுப்பினேன். வேலு பிறந்து நீ அவனைத் தூக்கி வந்தபோதெல்லாம் சிவப்பும் பச்சையுமாகப் பந்துகளைப் போட்டுச் சோதிக்கலாமா என்று தோன்றும். தெரிந்துவிட்டால் சொல்ல வேண்டி வருமே என்று பயந்து ஒருநாளும் சோதிக்கவில்லை. நீ அடிக்கிற மனசோடு அவனைப் பார்த்ததும், மாப்பிள்ளை ஸ்கேலை எடுத்ததும் என்னால்தான். உன்மேல் தப்பு இல்லை, அவர்மேலும் அவ்வளவு இல்லை. தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

புதன்கிழமை உன் அம்மாவிடம் விட்டுப்போன பக்கத்தைப் படித்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். அழுது முடித்து, "அப்ப இத்தினி வருசமா நல்லா இருக்குது, நல்லா இருக்குதுன்னு சொன்னதெல்லாம்?" என்று கேட்டாள். "அது நெஜந்தான்" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை, ஆனால் சோறு போட்டாள்.

எத்திராஜுவிடம் நேற்று மத்தியானம் சொன்னேன். உலையை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். எழுதிவைத்துப் படிப்பதுபோலச் சொல்லி முடித்தேன். அவன் மடங்கிய கையைத் திருப்பி உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் பாக்காம கை நீட்டினது தப்பு இல்லையா?"

"இல்லப்பா. நீ கேட்டுட்டுத்தான் வாங்கினே. நான்தான் ஆறிடுச்சுன்னேன்."

"சோறு பெசையறப்ப எல்லாம் என்னை நானே திட்டிக்கினு இருந்தேன்பா. இத்தினி வருசம்."

மன்னித்துவிடு என்று சொல்ல வந்தேன். அவன் காத்திருக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இன்று காலையில் பட்டறைக்கு வரவில்லை. இத்தனை வருஷத்தில் சொல்லாமல் அவன் வராத முதல் நாள். நான் தனியாக உட்கார்ந்திருந்தேன், உலை மூட்டவில்லை. பதினொரு மணிக்கு வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் பர்னரைப் பற்ற வைத்து, மூக்கைத் தள்ளி மூன்றாவது வெட்டில் உட்கார வைத்தான். பிறகு சுடரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அந்தப் பையனுக்கு எத்தினி வயசு?"

"ஏழு."

"நீ போய் சொல்லிட்டு வா. பட்டறைய நான் பாத்துக்கறேன். நம்ம விசயம் அப்பறம் பேசிக்கலாம்."

அவன் அப்புறம் என்ன பேசுவான் என்று எனக்குத் தெரியாது. எது பேசினாலும் உட்கார்ந்து கேட்டுக்கொள்வேன். ஆனால் போ என்று சொன்னான், நான் புறப்படுகிறேன். இந்தக் கடிதம் சனிக்கிழமை உன் கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆரணி வந்து, மாப்பிள்ளையையும் சம்பந்தியையும் உட்கார வைத்து, அன்று வெற்றிலைத் தட்டுக்கு முன்னால் சொன்ன பொய்யை என் வாயாலேயே திருப்பி எடுத்துக்கொள்வேன். அவர்கள் என்ன சொன்னாலும் சரி, வீட்டைவிட்டுப் போ என்றாலும் சரி, வாசலில் நின்றாவது சொல்லி முடித்துவிட்டுத்தான் திரும்புவேன். அந்த மெட்ராஸ் டாக்டரிடமே வேலுவையும் கூட்டிப் போகலாம். சீட்டில் அவர் கோடு போட்டால் இந்தத் தடவை நான் கிழிக்க மாட்டேன்.

அதுவரை நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பட்டறையில் இருக்கிற சிட்டங்களில் சிவப்புக்கு ஒரு முடிச்சும் பச்சைக்கு இரண்டு முடிச்சும் போட்டு, அவன் விரலைப் பிடித்துத் தடவிக் காட்டு. பிறகு எதைக் கேட்டாலும் சரியாக எடுத்து வருவான், நீயே பார். குறை, நோய் என்ற வார்த்தைகள் அவன் காதில் விழ வேண்டாம். தாத்தாவுக்கும் உனக்கும் ஒரே மாதிரி தெரியுதுடா, அதை வைத்துத்தான் தாத்தா மூக்கு பர்னர் செஞ்சாரு என்று சொல்லு. அந்தப் பழைய பித்தளை வளையத்தைப் பையில் வைத்திருக்கிறேன். ஏழு வெட்டையும் அவனே எண்ணிப் பார்க்கட்டும்.

இந்தக் கடிதத்தை ஒரு பக்கமும் தாண்டாமல் மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டு. இனி அந்தப் பிள்ளைமேல் ஒரு அடி விழக் கூடாது. அடித்தே தீர வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால் ஸ்கேலைக் கீழே போட வேண்டாம் என்று சொல்லு. அடி வாங்க வேண்டியவன் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறான்.

உன் அப்பா